காகித வேலையில் பிராடும் ஐலெட்டும்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

கொலு அழைப்பு அட்டையில் ஒட்டிய காகிதத் தாமரை இரண்டே நாளில் இதழைத் தூக்கிக்கொண்டு நிற்பதைச் சென்னையில் கைவேலை செய்யும் எல்லோரும் பார்த்திருப்போம். புரட்டாசி, ஐப்பசியில் காற்றில் ஈரம் ஏறும்போது காகிதம் உப்பும், சுருளும், பசையை விட்டு மெல்ல எழும்பும். அந்தத் தாமரையின் நடுவில் ஒரு சின்ன உலோகப் பின் இருந்தால் கதையே வேறு. இதழ் எவ்வளவு சுருண்டாலும் பூ இடம் பெயராது. அந்தப் பின்னின் தலையே பூவுக்கு மகரந்த மையமாகவும் அமைந்துவிடும். கட்டுவதும் அழகு செய்வதும் ஒரே பொருள் என்பதுதான் இந்த வேலையின் ருசி.

புதிதாகத் தொடங்குபவர்கள் பின்னின் நிறத்தையும் வடிவத்தையும் தேர்ந்தெடுக்க அரை நாள் செலவழிக்கிறார்கள். துளையை அரை நொடியில் குத்திவிடுகிறார்கள். பின் கழன்றது, காகிதம் கிழிந்தது, சக்கரம் சுற்றவில்லை என்று வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை துளையில் தொடங்குபவை. அதனால் இந்தக் கட்டுரையிலும் துளைக்குத்தான் அதிக இடம்.

எதை என்ன சொல்லி வாங்குவது

தலையும் அதன் கீழே இரண்டு தட்டையான கால்களும் உள்ள பின்னைக் கைவினைக் கடைகளில் பிராட் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டைக் கடிகாரத்துக்கு முள் மாட்ட இதைத்தான் பயன்படுத்தியிருப்போம். கால்களை ஒன்றாகச் சேர்த்துத் துளைக்குள் விட்டு, பின்பக்கம் இரண்டையும் எதிரெதிராக மடக்கினால் வேலை முடிந்தது. 1866-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மெக்கில் இப்படி மடங்கும் பித்தளைப் பின்னுக்குக் காப்புரிமை பெற்றார். அலுவலகத் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கத்தான் அது வந்தது.

இதற்கு ஸ்பிளிட் பின் என்ற பெயரும் உண்டு. ஆனால் ஹார்டுவேர் கடையில் ஸ்பிளிட் பின் கேட்டால், வண்டி அச்சில் மாட்டும் கம்பிப் பின்னை எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டேஷனரி கடையில் பேப்பர் ஃபாஸ்னர் என்று கேட்டால் ஃபைலுக்குள் போடும் நீளப் பட்டை வந்து சேரும். கையில் ஒரு பிராடையோ கைபேசியில் அதன் படத்தையோ வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பேர்போனது. தடிமனான அட்டை, மினுங்கும் தாள், கையால் செய்த தாள் எல்லாம் அங்கே எடைக்கும் தாள் கணக்கிலும் கிடைக்கும். பக்கத்திலேயே பந்தர் தெருவில் ஸ்டேஷனரிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

முதல் தடவைக்கு இவ்வளவு போதும்: 5 மி.மீ. தலையுள்ள பிராட் 25, 8 மி.மீ. தலையுள்ளது 25, இரண்டிலும் கால் நீளம் குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்; எண் கூடக் கூடத் தாள் தடிக்கும்) அட்டை ஏ4 அளவில் 10 தாள். 120 ஜி.எஸ்.எம். வண்ணத் தாள் நாலைந்து நிறங்களில். ஒரு கட்டர், இரும்பு ஸ்கேல், குத்தூசி. குத்தூசி இல்லையென்றால் கோணி ஊசியின் கண் பக்கத்தை ஒரு பழைய பென்சில் கட்டையில் செருகிக்கொண்டால் அதே வேலை செய்யும். அடியில் வைக்கப் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகம் மிகப் பொருத்தம். தெர்மாகோல் வேண்டாம். ஊசி இறங்கும்போது தெர்மாகோல் உள்வாங்கிவிடும், காகிதமும் கூடவே குழிந்து துளையின் ஓரம் கிழியும்.

கடையிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை: ஒரு சின்னக் காந்தத்தைப் பின்னருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே தங்க நிறப் பூச்சு மட்டுமே. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை அல்லது அலுமினியம். இரும்புப் பின்னை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கடற்காற்று வீசும் ஊரில் அதற்குத் தனிக் கவனம் தேவை, அவ்வளவுதான். அதைப் பின்னால் சொல்கிறோம்.

கீறலா, வட்டமா

பின் ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் கீறல். ஏதாவது ஒன்று அதைச் சுற்றிச் சுழல வேண்டுமென்றால் வட்டத் துளை. இந்த ஒன்றை மாற்றிச் செய்தால் வேறு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

பிராடின் கால்கள் இரண்டும் பட்டையானவை, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். வட்டத் துளையில் அவற்றைச் செருகினால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும், தலை ஆடும், ஆடி ஆடித் துளை பெரிதாகும். கட்டரின் நுனியால் காலின் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டால் (பெரும்பாலும் 3 மி.மீ. வரும்) கால் இறுக்கமாக நுழையும். இறங்க மறுக்கிறதே என்று கீறலை நீட்டாதீர்கள். கால் நுனிகளை விரலால் அழுத்தி ஒன்றுசேர்த்து மறுபடி முயலுங்கள்.

கீறலின் திசையும் முக்கியம். கால்கள் கீறலுக்குக் குறுக்கே விரியும். அட்டையின் ஓரத்துக்கு இணையாகக் கீறல் போட்டால், ஒரு கால் ஓரத்தை நோக்கி விரிந்து வெளியே எட்டிப் பார்க்கும். ஓரத்தில் வைக்கும் பின்னுக்குக் கீறல் ஓரத்தை நோக்கி இருக்கட்டும், கால்கள் ஓரத்தோடு ஓரமாகப் படுத்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து குறைந்தது 8 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கிழிந்துவிடும்.

வட்டத் துளைக்கு அலுவலகப் பஞ்ச் மெஷினை எடுக்கவே எடுக்காதீர்கள். அது போடும் துளை 6 மி.மீ. அதில் 5 மி.மீ. தலையுள்ள பிராட் அப்படியே வழுகி மறுபக்கம் விழுந்துவிடும். பெல்ட்டுக்குத் துளை போடும் கைப்பிடிப் பஞ்ச் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 2 முதல் 4.5 மி.மீ. வரை அளவுகள் ஒரே சக்கரத்தில் இருக்கும். ஓரத்திலிருந்து சில சென்டிமீட்டர்தான் அது எட்டும் என்பது குறை. அட்டையின் நடுவில் துளை வேண்டுமென்றால் சுத்தியலால் தட்டும் குழாய்ப் பஞ்ச் வாங்க வேண்டும், அல்லது குத்தூசியால் குத்திப் பென்சில் முனையைச் சுழற்றிப் பெரிதாக்க வேண்டும். குத்தூசியால் குத்தினால் பின்பக்கம் காகிதம் எரிமலை வாய்போல் எழும்பி நிற்கும். அதை ஸ்பூனின் முதுகால் தேய்த்துத் தட்டையாக்கி, மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவை உரசிவிடுங்கள்.

முதல் வேலை: மூன்றடுக்குத் தாமரை

7, 5.5, 4 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள், 120 ஜி.எஸ்.எம். தாளில். ஒவ்வொன்றையும் பாதி, கால், அரைக்கால் என்று மூன்று முறை மடித்து, வெளிப்புற வளைவை இதழ் நுனிபோல் கூராக வெட்டுங்கள். விரித்தால் எட்டு இதழ். மடிப்புக் கோடுகள் சந்திக்கும் இடமே சரியான மையம், ஸ்கேலால் அளக்க வேண்டியதில்லை. இதழ்களுக்கிடையே உள்ள பிளவைக் கத்தரியால் மையத்தை நோக்கி நீட்டுங்கள், ஆனால் மையத்துக்கு 1 செ.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் பின் பிடிக்கக் காகிதம் இருக்காது. 4 செ.மீ. வட்டத்தில் இதை மறந்தால் இதழ்கள் தனித்தனியாகக் கையோடு வந்துவிடும்.

மூன்றிலும் மையத்தில் கீறல் போடும்போது சின்னதில் மடிப்புக் கோட்டின் மேல் போடுங்கள், நடுவிலுள்ளதில் இரண்டு மடிப்புக் கோடுகளுக்கு இடையே போடுங்கள், பெரியதில் மறுபடி கோட்டின் மேல். கீறல்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்போது நடு அடுக்கு தானாகவே அரை இதழ் திரும்பி நிற்கும், இதழ்கள் இடைவெளிகளை நிரப்பும். அட்டையிலும் கீறிக்கொண்டு, 8 மி.மீ. பிராடை மேலிருந்து கீழாக எல்லாவற்றின் வழியாகவும் செருகுங்கள்.

இப்போது அட்டையைக் கவிழ்த்து, முன்பக்கம் கட்டைவிரலால் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் விரியுங்கள். ஒன்றை முதலில் மடக்கினால் தலை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நுனியில் அல்ல, அட்டையைத் தொடும் அடியிலேயே மடங்க வேண்டும். நுனியில் மடக்கினால் கால் வில்போல் வளைந்து நிற்கும், பூ தளர்ந்துபோகும். மடக்கிய பின் ஸ்பூன் முதுகால் ஒரு தடவை அழுத்தித் தேயுங்கள்.

தவறாக மடக்கிவிட்டால் நிமிர்த்தி மறுபடி மடக்கலாம், ஓரிரு முறை மட்டும். மூன்று நான்கு முறை வளைத்தால் உலோகம் இறுகி அடியில் வெடிப்பு விடும், ஒரு கால் உடைந்து கையில் வரும். இதழ்களைச் சுருட்டும் வேலையைப் பின் மாட்டிய பிறகே செய்யுங்கள்.

இரண்டாவது: ஒன்பது நாளும் சுழலும் கொலு அழைப்பு

இது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. ஆனால் ஒரு முறை வந்துவிட்டால் கடிகாரம், பெருக்கல் வாய்பாடு, பிறந்தநாள் வாழ்த்து என்று எதையும் சுழல வைக்கலாம். அட்டையின் முன்பக்கத்தில் ஒரு சின்னச் சன்னல் இருக்கும். ஓரத்தில் தெரியும் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் முதல் நாள் கொண்டைக்கடலை, அடுத்த நாள் பச்சைப்பயறு என்று அந்தந்த நாள் சுண்டல் சன்னலில் வந்து நிற்கும்.

ஏ4 அட்டையைப் பாதியாக மடியுங்கள். முன்பக்கத்தில், திறக்கும் வலது ஓரத்திலிருந்து 5.5 செ.மீ. உள்ளே ஒரு புள்ளி வையுங்கள், அதுதான் மையம். அந்தப் புள்ளிக்கு நேர் வலப்புறம், ஓரத்தில் 1.5 செ.மீ. ஆழத்துக்கு அரைவட்டமாக ஒரு வெட்டு. சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. இருப்பதால் அந்த வெட்டில் 1 செ.மீ. சக்கரம் எட்டிப் பார்க்கும், ஆனால் அட்டைக்கு வெளியே நீட்டாது. உறைக்குள் போடும்போது மாட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த அளவு அவசியம். அரைவட்டம் முன்பக்கத்தில் மட்டும், பின்பக்கம் முழுசாக இருக்கட்டும்.

மையத்துக்கு நேர் மேலே 2.8 செ.மீ. தள்ளிச் சன்னலின் கீழ் விளிம்பு வர வேண்டும். சன்னல் 1.8 செ.மீ. அகலம், 1.4 செ.மீ. உயரம். மூலைகளில் கட்டர் கடந்து ஓடாமல் இருக்க, முதலில் நான்கு மூலைகளிலும் ஊசியால் குத்திக்கொண்டு பிறகு வெட்டுங்கள்.

சக்கரத்தை அதே 300 ஜி.எஸ்.எம். அட்டையில் வெட்டி, 40 பாகை வீதம் ஒன்பதாகப் பிரியுங்கள். இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வலது ஓரத்தில் கட்டைவிரல் கீழ்நோக்கித் தள்ளும்போது சக்கரம் வலஞ்சுழியாகச் சுற்றும், இடப்புறம் இருப்பதுதான் மேலே சன்னலுக்கு ஏறி வரும். எனவே நாள்களை இடஞ்சுழியாக எழுத வேண்டும். முதல் நாளுக்கு இடப்பக்கம் இரண்டாம் நாள், அதற்கும் இடப்பக்கம் மூன்றாம் நாள். வழக்கப்படி கடிகாரத் திசையில் எழுதிவிட்டால், அட்டையைப் பெறுகிறவர் முதல் நாளுக்கு அடுத்து ஒன்பதாம் நாளைப் பார்ப்பார். மை கொண்டு எழுதுவதற்கு முன் பென்சிலால் எழுதி, ஒரு குண்டூசியைத் தற்காலிக அச்சாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். எழுத்து சன்னலின் நடுவில் விழுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அட்டையிலும் சக்கரத்திலும் மையத்தில் வட்டத் துளை, காலின் அகலத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாக. 3 மி.மீ. காலுக்கு 3.5 மி.மீ. துளை. இதோடு 1.5 செ.மீ. விட்டத்தில் இரண்டு சின்ன அட்டை வில்லைகள், அதே அளவுத் துளையோடு. பழைய காலண்டர் அட்டையின் வழவழப்பான மேல்தாள் இதற்கு நன்றாக உதவும். முன்னிருந்து பின்னாக அடுக்கு வரிசை: பிராடின் தலை, முன் அட்டை, ஒரு வில்லை, சக்கரம், இன்னொரு வில்லை, மடக்கிய கால்கள். வில்லைகள் இல்லாமல் செய்தால் காலின் கூரான ஓரம் சக்கரத்தின் முதுகைச் சுரண்டிச் சுரண்டி வட்டமாக வெட்டிவிடும்.

கால்களை எவ்வளவு இறுக்குவது என்பதில் ஒரு சின்ன உபாயம். 300 ஜி.எஸ்.எம். அட்டையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் ஒரு முனையில் 4 மி.மீ. அகலத்துக்கு நீளமாக ஒரு வெட்டு விடுங்கள். அந்த வெட்டு கால்களை அணைத்துக்கொள்ளும்படி துண்டைப் பின் வில்லையின் மேல் வைத்து, அதற்கும் மேலே கால்களை மடக்கி நன்றாக அழுத்துங்கள். பிறகு துண்டை உருவிவிடுங்கள். ஓர் அட்டைத் தடிமன் அளவு இடைவெளி மிஞ்சும், சக்கரம் தடையில்லாமல் சுற்றும், ஆனால் தொளதொளக்காது. ஈரக் காற்றில் காகிதம் சற்று உப்பினாலும் அந்த இடைவெளி காப்பாற்றும். வெயில் நாளில் இறுக்கமாகச் செய்த சக்கரம் மழை நாளில் நகராமல் நிற்பது இந்த இடைவெளி இல்லாததால்தான்.

கடைசியாக, பின்பக்கக் கால்களை மறைக்க ஒரு வண்ணத் தாளை உள்ளே ஒட்ட வேண்டும். மேல், கீழ் ஓரங்களிலும் மடிப்போரத்திலும் 1 செ.மீ. பட்டையாக மட்டும் பசை. வலது ஓரத்தில் அரைவட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. இங்கே ஃபெவிகால் வேண்டாம், இருபக்க டேப் போடுங்கள். கசிந்த பசை ஒரு சொட்டு சக்கரத்தின் மேல் பட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஐலெட்: துளைக்கு ஒரு வளையம்

நூலோ நாடாவோ ஓட வேண்டிய துளைக்கு பிராட் உதவாது, ஐலெட் வேண்டும். ஷூவில் நாடா கோக்கும் இடத்தில் இருக்கும் உலோக வளையம்தான். முன்பக்கம் விளிம்பு, அதன் கீழே ஒரு குட்டைக் குழாய். குழாயைத் துளைக்குள் விட்டு, பின்பக்கம் அதன் வாயைத் தட்டி மலர்த்துவதுதான் வேலை.

துளை குழாயின் வெளி விட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால்தான் இறங்கும் அளவுக்கு. இறங்கிய பின் பின்பக்கம் சுமார் 1.5 மி.மீ. குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றை மெல்லிய தாளில் அதைவிட அதிகமாக நீட்டும், தட்டினால் கோணலாக மடங்கும். அப்போது பின்பக்கம் ஓர் அட்டைத் துண்டு சேர்த்துத் தடிமனைக் கூட்டுங்கள். தடித்த அட்டை இரண்டு மூன்று சேர்ந்து நீட்டல் போதவில்லையென்றால் நீளக் குழாய் ஐலெட்தான் வாங்க வேண்டும். தட்டித் தட்டிச் சரிக்கட்ட முடியாது.

விளிம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்து, குழாய் வாயில் செட்டரின் (வாயை மலர்த்தும் சின்ன உலோகக் கருவி) முனையை நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். செட்டரும் ஐலெட்டும் ஒரே அளவினதா என்று பார்த்து வாங்குங்கள். சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று மென்மையான தட்டு. ஒரே ஓங்கு ஓங்கினால் குழாய் சப்பிப்போகும், முன்பக்க விளிம்பும் நசுங்கும். அடியில் தடித்த மரக்கட்டையும் அதன் மேல் ரப்பர் துண்டும் இருக்கட்டும். டைல்ஸ் தரையில் நேராக வைத்துத் தட்டினால் டைல்ஸ் விரிசல் விடும். அடுக்குமாடி வீட்டில் மதிய நேரத்தில் இந்தச் சத்தம் கீழ் வீட்டுக்கு நன்றாகவே கேட்கும். அடிக்கடி செய்வதாக இருந்தால் கையால் அழுத்தும் ஐலெட் பிளையர் வாங்கிவிடுவது நிம்மதி.

இதை முதலில் தாம்பூலப் பையில் பழகுங்கள். காகிதப் பையில் தேங்காய் வைத்துக் கொடுக்கும்போது கைப்பிடிக் கயிறு காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு வருவது வழக்கமான கோளாறு. பையின் மேல் விளிம்பை 4 செ.மீ. உள்ளே மடித்து, அந்த மடிப்புக்குள் 3 செ.மீ. அகல அட்டைப் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். மேல் ஓரத்திலிருந்து 2 செ.மீ. கீழே, ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஐலெட், 8 செ.மீ. இடைவெளியில். துளை காகிதம், அட்டை, காகிதம் மூன்றையும் ஒன்றாகக் கடக்க வேண்டும். கயிற்றை வெளியிலிருந்து உள்ளே விட்டு உட்பக்கம் முடிச்சுப் போடுங்கள், முடிச்சு துளையைவிடப் பெரிதாக. எடையை அட்டைப் பட்டை தாங்கும், கயிறு உரசும் இடத்தை உலோகம் தாங்கும்.

துருவும் மற்றவையும்

காந்தம் ஒட்டிய பின்களை மாட்டுவதற்கு முன்பே கால்களுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். மடக்கும்போது அடியில் பூச்சு வெடிக்கும், அதனால் மடக்கிய பின் அந்த வளைவில் இன்னொரு தொடுகை. வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு. ஈரப் பசை காலில் பட்டபடி மூடி ஒட்டினால் சில வாரங்களில் பழுப்புக் கறை முன்பக்கம் வரை ஊறி வரும். புகைப்பட ஆல்பத்தில் இந்தக் கறை படத்துக்கே பரவும் என்பதால் அங்கே பித்தளை மட்டும் பயன்படுத்துங்கள், பின்னைப் படத்தின் மேல் குத்தாமல் அதைத் தாங்கும் அட்டையில் குத்துங்கள்.

மிச்சப் பின்களை மூடி இறுக்கமான டப்பாவில், புதுப் பையிலோ செருப்பு டப்பாவிலோ வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த டப்பா உயரத்தில் இருக்கட்டும், அவர்கள் கையில் போகும் பொம்மையில் இந்தப் பின்களே வேண்டாம்.

தபாலில் அனுப்பும் அட்டையில் பின் தலை எதிர்ப் பக்கத்தில் வடுவாகப் பதியும். உறைக்குள் தலைக்கு நேராக ஒரு தடித்த அட்டை வைத்து அனுப்புங்கள்.

கோணலாக அமைந்த ஐலெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் முன்பக்கம் தொடாதீர்கள். பின்பக்கம் மலர்ந்த வாயைக் குறட்டின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி மடக்கி, குழாய் மறுபடி நிமிர்ந்ததும் பின்னிலிருந்து முன்னாகத் தள்ளுங்கள். துளை சற்று விரிந்திருக்கும். அதே அளவு ஐலெட்டை மறுபடி போட்டால் நிற்காது. பின்பக்கம் சரியான அளவுத் துளையோடு ஒரு சின்ன அட்டை வில்லையை ஒட்டி, அது காய்ந்த பிறகு புது ஐலெட்டைப் போடுங்கள்.